பூரணம் அழவில்லை

மைமூன் ராத்தா அந்தப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் பின்பக்கம் போய்க் கை, கால், முகம் கழுவிக்கொண்டு வந்தார். முக்காட்டைச் சரிசெய்தார். பிள்ளைகள் குர்ஆனை வைத்து ஓதும் மடக்குப் பலகையைப் பாயில் விரித்தார். அதன்மேல் புத்தகத்தை வைத்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லித் திறந்தார்.

அது ஒரு அரபுச் சிறுகதைத் தொகுதி. அட்டையில் ஒரு ஜன்னலும் ஒரு கோப்பிக் குவளையும் போட்டிருந்தது.

"ராத்தா, இது வெறும் கதைப் புத்தகம்தான்" என்றேன்.

"எழுத்து அந்த எழுத்துத்தானே" என்றார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூரணத்துக்கு அந்த நிலைமையிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் வேலை செஞ்ச அரபு ஊர்ல இந்த எழுத்துப் பேப்பர்லதாங்க மீன் செதிலெல்லாம் சுருட்டிப் போடுவோம்" என்றாள்.

"அல்லாஹ்வே! வாயக் கழுவு புள்ள!"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு அந்த ஒரு பிற்பகல்தான் இருந்தது. விடிந்தால் திங்கள்.

சனிக்கிழமை வந்தவள்

போன வாரம் என் டைப்பிங் அறையைப் பற்றி எழுதினேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: கண்டி டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படி ஏறி வந்தால் என் அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு தமிழ் டைப்ரைட்டர், ஒரு இங்கிலீஷ் டைப்ரைட்டர். பிறப்புப் பதிவு, பாஸ்போர்ட், மனு, கடிதம் என்று எதுவானாலும் எழுதிக் கொடுப்பேன். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேர் அந்தப் படியேறி இறங்கியவர்கள்தான்.

பூரணமும் அப்படித்தான் எனக்குப் பழக்கம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்காரி. எட்டு வருஷம் ஒரு அரபு நாட்டில் ஒரே வீட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். நான் சொல்லும் இந்தச் சமயத்தில் டவுனில் ஒரு தங்குவிடுதியில் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் கொழும்பில் வேறு குடித்தனம் வைத்துவிட்டான். அவனைப் பற்றி அவள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை மூச்சு வாங்க மேலே வந்தாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டாள்.

"அக்கா, இத உடனே வாசிக்கணும். அரபு தெரிஞ்ச ஆளு வேணும். ஆம்பளை வேணாம்."

அவள் வேலை செய்த வீட்டு அம்மா ஒரு எழுத்தாளர். அவர்தான் தபாலில் அனுப்பியிருந்தார். ஒரு கதை தொடங்கும் இடத்தில் சிவப்பு நாடா வைத்திருந்தது. உள்ளே ஆங்கிலத்தில் இரண்டு வரித் துண்டு: 'இந்தப் புத்தகத்தில் நீ இருக்கிறாய். என்னை மன்னித்துக்கொள்.'

"மன்னிப்பு எதுக்குக் கேட்டிருக்காங்க? அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு."

துண்டை முதலில் வாசித்தவள் அவள் மகள் சுமதி. பதினாறு வயது, இங்கிலீஷ் நன்றாக வரும். அம்மா ஒரு புத்தகத்தில் வந்துவிட்டாள் என்று அந்தப் பெண் தலைகால் புரியாமல் இருந்தாளாம். வகுப்பில் கூடப் படிக்கும் பிள்ளையின் தகப்பன் அரபு படித்த மௌலவி. திங்கட்கிழமை புத்தகத்தைக் கொண்டுபோய் அவரிடம் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவதாகத் திட்டம்.

"நல்லதுதானே? அவர் வாசிக்கட்டுமே" என்றேன்.

பூரணம் கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்.

"நான் அந்தம்மாகிட்ட ஒண்ணு சொல்லியிருக்கேங்க. அது என் மக காதுல விழக்கூடாது."

அடுக்களையில் எழுதியவர்

அந்த எழுத்தாளரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பூரணம் அவரை 'மாமா' என்பாள். அந்த வீடுகளில் எசமானியை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். முதல் மாதம் முழுக்க வாயில் வராமல் திண்டாடினேன் என்று சிரிப்பாள்.

மாமா எழுதுவதெல்லாம் பெண்களைப் பற்றி. பெண் ஏன் கேட்காமல் வாசல் தாண்டக் கூடாது, பயணம் போக ஏன் புருஷனோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டும், வீட்டில் பெண்ணுக்கென்று ஏன் ஒரு அறை இல்லை. பத்திரிகையில் அது வரும் நாளில் டெலிபோன் ஓயாது. பாதி வசவு. சொந்த அண்ணனே வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

வீட்டில் எழுதும் அறை ஒன்று இருந்தது. அது மாமாவின் புருஷனான ஐயாவுடையது. மாமா விடிகாலைத் தொழுகை முடிந்ததும் அடுக்களை மேசையில் வந்து உட்கார்ந்து எழுதுவார். பூரணம் மாவு பிசைந்துகொண்டிருப்பாள். எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். முதல் வருஷம் ஒன்றும் புரியவில்லை, மூன்றாம் வருஷம் நடுவில் நிறுத்தினால் "அப்புறம்?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

மாதத்தில் ஒருநாள் படித்த பெண்கள் கூடுவார்கள். பெண் விடுதலை பற்றிப் பேச்சு நடக்கும். "நான் கஹ்வாக் கோப்பி ஊத்திக் குடுத்துட்டு வருவேன். கதவச் சாத்திட்டுப் போன்னுவாங்க" என்றாள் பூரணம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

அப்படி ஒரு விடிகாலையில் மாமா கேட்டிருக்கிறார்: "மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு விமானம் ஏறினாயே, ரொம்ப அழுதாயா?"

பூரணம் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"அழலன்னு சொன்னேங்க. ஏரோப்ளேன் மேல போகப் போக எனக்குச் சிரிப்பா வந்துச்சு. பக்கத்துச் சீட்டுக்காரி என்ன நெனப்பாளோன்னு முந்தானைய வாயில வச்சு அழுத்திக்கிட்டேன். நாலு மணிக்கு எந்திரிச்சு, தண்ணி புடிச்சு, ரொட்டி தட்டி, புள்ளய ஆயாகிட்ட மடுவத்துல போட்டுட்டு, வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடி... எந்நேரமும் பூரணம் பூரணம்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர். மேகத்துக்கு மேல யாரும் என்னயப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாதுன்னு நெனச்சேன். அவ்வளவு சந்தோசம். மக நெனப்பு வரவே மூணு மாசம் ஆச்சுக்கா."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் டைப்ரைட்டரின் தூசியைத் துடைத்தேன்.

எனக்குக் கிடைத்த பட்டம்

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் பிற்பாடு செய்த காரியம் விளங்காது.

எனக்குப் பத்தொன்பது வயதில் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்தது. கடிதம் கையில் வந்த அன்று பிலிமத்தலாவையில் இருந்த தன் கடையிலிருந்து அப்பா மத்தியானமே வந்துவிட்டார். "பொம்பளப் புள்ள போர்டிங்ல தங்குறதா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை.

நான் அழுதேன். அழுதுகொண்டே கடிதத்தை அப்பா கையில் கொடுத்தேன். சொந்தக்காரர் எல்லாம் "நல்ல பெண்" என்றார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது. அதற்கப்புறம் எத்தனை வருஷம் ஸ்டேஷன் பக்கம் போனாலும் கொழும்பு ரயில் நிற்கும் பிளாட்பாரத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

அழுகிற பெண்ணை எல்லாருக்கும் பிடிக்கும். சிரித்துக்கொண்டு போகிறவளை எங்கே வைப்பது என்று நம் ஆட்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. பூரணம் எதிரே உட்கார்ந்திருக்க, 'பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எப்படியடி சிரிப்பு வந்தது?' என்றுதான் உள்ளுக்குள் கேட்டேன்.

கருத்துத் தெரியாது

அரபு என்றதும் எனக்கு நினைவு வந்தவர் மைமூன் ராத்தா. முப்பது வருஷமாக அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தன் வீட்டில் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர்; அக்கா என்பதைத்தான் அவர்கள் ராத்தா என்பார்கள். மறுநாள் நான் பெருமையாகப் பூரணத்தைக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன்.

ராத்தா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"லலிதா, எனக்கு ஓதத்தான் தெரியும். கருத்துத் தெரியா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓதிக் கொடுப்பவருக்கு அந்தப் பாஷை தெரியும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். கட்டுக்கலைக் கோயிலில் சின்ன வயதிலிருந்து நானும் எத்தனையோ சுலோகம் தவறில்லாமல் சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்காவது அர்த்தம் தெரியுமா?

பூரணம்தான் வழி கண்டுபிடித்தாள். "ராத்தா வாசிங்க. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனா காதுல கேட்டா வெளங்கும்."

ஆக, ஏற்பாடு இப்படி ஆனது. அர்த்தம் தெரியாதவர் வாசிப்பார். எழுத்துத் தெரியாதவள் கேட்டுத் தமிழில் சொல்வாள். நான் எழுத வேண்டும். ஒரு கதையைப் படிக்க மூன்று பெண்கள்.

கை கழுவி, முக்காடு போட்டு, நாடா வைத்திருந்த இடத்தைத் திறந்த ராத்தா முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"இதென்ன, ஹரக்கத் ஒண்டுமில்லையே!" ஓதும் புத்தகங்களில் எழுத்துக்கு மேலும் கீழும் ஒலியைக் காட்டும் சின்னக் கோடுகள் இருக்குமாம். கதைப் புத்தகத்தில் அவற்றைப் போடுவதில்லை. ராத்தா தட்டுத் தடுமாறி ஒரு சொல்லைச் சொல்வார். பூரணம் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பாள். "அது அப்பிடி இல்லீங்க, இப்பிடிச் சொல்லுவாங்க" என்று திருத்துவாள். முப்பது வருஷம் ஓதிக் கொடுத்தவர், மீன் செதில் சுருட்டியவளிடம் திருத்தம் வாங்கிக்கொண்டார். பத்து வரிக்குப் பிறகு வேகம் பிடித்தது.

இன்னொரு சங்கடம், ராத்தாவுக்கு ராகம் போடாமல் வாசிக்க வராது. "சும்மா வாசிங்க ராத்தா" என்றால் வாய் அடைத்துவிடும். ஒரு அடுக்களைக் கதையை, மாவையும் பாத்திரத்தையும் தண்ணீர்க் குழாயையும், நீட்டி இழுத்து ராகத்தோடு ஓதினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏனோ கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது.

குழாயைத் திறந்துவிட்டு அழுதவள்

கதை தேயிலை மலையிலிருந்து வந்த ஒரு வேலைக்காரியைப் பற்றியது. பெயரை மாற்றியிருந்தார்கள். அவள் ஒவ்வொரு நாளும் பிள்ளையை நினைத்து அழுகிறாள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். விமானத்தில் ஏறும்போதே அழுதாள் என்று தெளிவாகப் போட்டிருந்தது.

பூரணம் நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டாள். "அப்பாடா. அதச் சொல்லலக்கா. காட்டிக் குடுக்கல."

நானும் பேனாவை மூடினேன். மகள் கேட்க விரும்புவது இந்தக் கதையைத்தான். எல்லாம் நல்லபடி முடிந்தது.

ஆனால் பூரணத்தின் முகம் மெல்ல மாறியது.

"நான் எங்கக்கா அழுதேன்?"

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"கொழாயத் தொறந்துவிட்டுட்டு அழுதது மாமா. அவங்க அண்ணன் போன்ல ஏசின அன்னிக்கு. ஒரு கூட்டத்துக்குப் போக ஐயா கையெழுத்துப் போடாத அன்னிக்கு. நான்தான் அவங்க முதுகத் தடவிவிட்டேன். அவங்க அழுதத தூக்கி என் தலையில போட்டிருக்காங்க!"

இதற்குள் ராத்தா அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருந்தார். அர்த்தம் தெரியாதவருக்குக் கதை முடிந்ததும் தெரியவில்லை. அடுத்த கதையையும் அதே ராகத்தில் ஓதிக்கொண்டே போனார். "போதும் ராத்தா" என்று நான் கை நீட்டினேன். பூரணம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கக்கா."

நான் மறுபடி பேனாவைத் திறந்து எழுதினேன். இரண்டாவது கதையில் ஒரு பெரிய வீட்டுப் பெண் வருகிறாள். படித்தவள், வசதியானவள். மூன்று வயது மகளை விட்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் விமானம் ஏறுகிறாள். விமானம் மேலே போகிறது. அவளுக்குச் சிரிப்பு வருகிறது. தலையில் கட்டிய துணியின் நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொள்கிறாள். 'மேகத்துக்கு மேலே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது' என்று நினைக்கிறாள்.

பூரணம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த வரியில் நின்றாள். அப்புறம் ஒரே மூச்சில் கதையை முடித்தாள். ராத்தா புத்தகத்தை மூடி, வழக்கம்போல் முத்தமிட்டு, பலகையில் வைத்தார்.

"அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டிருக்காங்க" என்றாள் பூரணம்.

புத்தகத்தின் அட்டையைத் தடவினாள். பிறகு சொன்னாள்: "பாவம், அவங்களால ஏற முடியல. கதையிலயாவது ஏறட்டும். வேணும்னா எடுத்துக்கட்டும்க்கா. ஆனா எனக்கு எதுக்கு அழுகையக் குடுக்கணும்?"

அந்த எழுத்தாளர் மீது எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பெண்ணுக்கு வாசலைத் திறந்துவிடு என்று ஊரோடு சண்டை போட்டவர் அவர். அந்தச் சண்டை பொய்யில்லை. ஆனாலும் படித்தவள் சிரித்துக்கொண்டு போகலாம், மாவு பிசைகிறவள் அழுதுகொண்டுதான் போக வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. அவர் மூடச் சொன்ன கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவள் எங்கள் பூரணம்.

என் பேனா செய்தது

"முதல் கதையை மட்டும் சுமதியிடம் கொடு" என்றேன். "அந்த மௌலவி ஐயாவும் நாடா வைத்த கதையைத்தான் வாசித்துச் சொல்லுவார். பிள்ளை சந்தோஷப்படுவாள். நீ எதையும் சொல்ல வேண்டியதில்லை."

என் புத்தி வேலை செய்த விதம் அது. நல்ல பெண்ணின் புத்தி.

பூரணம் என் கையிலிருந்த தாளைக் காட்டினாள். "ரெண்டாவது கதைய நீங்க எழுதினபடி வாசிங்க, கேப்போம்" என்றாள்.

வாசித்தேன். 'அவள் கனத்த மனத்துடன் விமானத்தில் ஏறினாள்' என்று வந்தது.

"கனத்த மனசா? யாரு சொன்னா?"

நான் தாளைப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். ராத்தா அப்படி ஓதவில்லை, பூரணமும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கே தெரியாமல் நான் போட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு இடத்தில் அதே வேலை செய்திருந்தேன். ஓரிடத்தில் 'சந்தோஷம்' என்று அவள் சொன்னதை 'ஆறுதல்' ஆக்கியிருந்தேன். காது வரை சூடேறியது. எட்டு வருஷம் கூட இருந்தவர் செய்ததை நான் ஒரு பிற்பகலிலேயே செய்துவிட்டேன்.

"வெட்டுங்கக்கா" என்றாள் பூரணம். அதட்டலாகச் சொல்லவில்லை. "சந்தோசம்னா சந்தோசம்னே எழுதுங்க. நான் பொய் சொல்லல."

மைமூன் ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எழுதுங்க லலிதா. நான் ஓதினது முப்பது வருஷத்தில இண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது."

புதுத் தாளில் மறுபடி எழுதினேன். பூரணம் புத்தகத்தைப் பையில் போட்டு, அந்தத் தாள்களை மட்டும் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். அழுகைக் கதையைப் பாயிலேயே விட்டுவிட்டாள்.

"சுமதி என்ன நினைப்பாளோ பூரணம். வாழ்நாள் பூரா மன்னிக்காமல் போனால்?"

"இல்லாத அம்மாவ நெனச்சு அவ பெருமப்படுறத விட, இருக்குற அம்மாவத் திட்டட்டும்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. டைப் அடிக்கும்போது எழுத்துகள் தவறின. படியில் காலடி கேட்டால் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை

வந்தாள். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"வாசிச்சாளா?"

"அன்னிக்கு ராத்திரியே ரெண்டு தரம் வாசிச்சா, மௌலவிகிட்ட போகல. இது யாரோ ஒரு பொம்பளயோட கதைன்னா. இல்லடி, அது நான்தான்னு சொன்னேன்."

"அதற்கு?"

"ரெண்டு நாளு பேச்சில்ல. சோறு போட்டா தின்னா. மூணாம் நாள் காலையில பஸ்ஸுக்குப் போறவ, வாசல்ல நின்னு, அப்ப ஏன் திரும்பி வந்தீங்கன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னாய்?"

"உள்ளதச் சொன்னேன். உன்னய வளத்த பெரியம்மா கண்ண மூடிட்டாங்க, உன்னயப் பாக்க வேற ஆளில்ல, அதான் வந்தேன்னேன்."

உன்மேல் பாசத்தால் வந்தேன் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. நான் திருந்தவில்லை.

"கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம், இனிமே என்னய நானே பாத்துக்குவேன், உங்களுக்குப் போகணும்னா போங்கன்னு சொல்லிட்டு நடந்துட்டா."

"கோபத்திலா சொன்னாள்?"

"தெரியலக்கா. கோவமாவும் இருக்கலாம், மனசாரச் சொன்னதாவும் இருக்கலாம். சாயந்திரம் வந்து பக்கத்துல உக்காந்து, அந்த ஊரு எப்படி இருக்கும்னு கேட்டா. மணிக்கணக்கா கேட்டா. நானும் சொன்னேன்."

கீழே துணிக்கடையில் யாரோ சீலையை விரித்து உதறும் சத்தம் கேட்டது. பூரணம் கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு பாஸ்போட் ஃபோம் நெரப்பித் தாங்க. பழசு முடிஞ்சுபோச்சு."

"போகப் போகிறாயா?" என் குரல் எனக்கே பிடிக்காத உயரத்துக்குப் போனது. "எப்போது? சுமதி பரீட்சைக்கு இருக்கிறாளே?"

பூரணம் சிரித்தாள். முந்தானையை வாயில் வைக்கவில்லை.

"போறேன்னு யாரு சொன்னா? கையில இருக்கட்டும்க்கா."